சம்பந்தி வீட்டுக் கேக்கும் என்ரை கொழுப்புக் குளிசையும்

அண்டைக்கு இருந்தது சின்ன வேலைதான். இறுப்பிட்டியிலை மாப்பிள்ளை வீட்டை போய், "எங்கடை மகளைத் தர எங்களுக்குச் சம்மதம்" எண்டு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு வரவேணும்.

அதைக்கூட ஒழுங்காச் செய்ய எனக்குத் தெரியேல்லை.

அதுக்கு முதல் கிழமைதான் யாழ்ப்பாணத்து டொக்டர், ரத்தத்திலை கொழுப்புக் கூடிப்போச்செண்டு குளிசை தந்தவர். "குளிசையைப் போட்டுக்கொண்டு கண்டதையும் திண்டால் பிரயோசனமில்லை. முட்டை, நெய், பொரியல், தேங்காய்ப்பால் ஒண்டும் தொடப்படாது!"

"அப்ப நான் என்னத்தைச் சாப்பிடுறது?"

"இலை குழை சாப்பிடும்."

வீட்டிலை ஒரு ஆடு நிண்டது. அண்டையிலையிருந்து அதுக்கும் எனக்கும் ஒரே சாப்பாடு.

எங்கடை ஊர் சுருவிலிலையிருந்து ரெண்டுபேருமா வெளிக்கிடேக்கை மனுசி எச்சரிச்சா. "இஞ்சருங்கோ, வருத்தம் எண்டு அங்கை வாய் திறக்கப்படாது. பரம்பரை வருத்தமாக்கும் எண்டு கலியாணத்தைக் குழப்பிப்போடுவினம்."

"ஓமப்பா, நான் என்ன விசரனே?"

மாப்பிள்ளையின்ரை தகப்பன் கதிரை போட்டு இருத்தினார். தாய் தட்டு நிறையப் பலகாரம் கொண்டந்தா. நெய் விட்டு உருட்டின பயத்தம் உருண்டை, உழுந்து வடை, முட்டை மணக்கிற கேக். டொக்டர் மறிச்சதெல்லாம் ஒரே தட்டிலை!

"எடுங்கோ அண்ணை."

"வேண்டாம் தங்கச்சி, சாப்பிட்டுத்தான் வந்தனான்."

"ஒரு வடையெண்டாலும்..."

"ஐயோ, வயித்திலை இடமில்லை."

"பால் தேத்தண்ணி?"

"நான் வெளியிலை பச்சைத்தண்ணியும் குடிக்கிறேல்லை!"

மனுசி என்ரை காலை மிதிச்சா. கெட்டித்தனமாச் சமாளிக்கிறன் எண்டு பாராட்டுறா எண்டு நினைச்சன்.

தாயின்ரை முகம் கறுத்துப்போச்சு. தட்டைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள்ளை போயிட்டா. தகப்பன் செருமினார். "உங்களுக்கு விருப்பமில்லைப் போலை. பரவாயில்லை, முகத்துக்கு நேரை காட்டினது நல்லது."

அப்பதான் எனக்கு மண்டையிலை உறைச்சுது. சம்பந்தம் பேசப்போன வீட்டிலை வாய் நனைக்காமல் எழும்பினால், "உங்கடை பெடியன் வேண்டாம்" எண்டு சொன்னமாதிரி! மகள் வீட்டிலை படலையைப் பார்த்துக்கொண்டு நிப்பாள்.

குசினி வாசலுக்கே ஓடினன். "தங்கச்சி, கொண்டாங்கோ அந்தத் தட்டை!"

நிண்ட நிலையிலை வடை, உருண்டை, கேக். பிறகும் கேக். உண்மையைச் சொல்லவேணும், நல்ல ருசி! "இன்னும் கிடக்கே?" எண்டு நானே கேட்டன். மனுசி தலையிலை கை வைச்சா.

தாய்க்கு வாயெல்லாம் பல்லு. ஆனால் தகப்பன் ஒரு துண்டுகூடத் தொடேல்லை. இப்ப இவருக்குத்தான் விருப்பமில்லையோ எண்டு எனக்குப் பயம் பிடிச்சிட்டுது.

"நீங்கள் ஏன் அண்ணை ஒண்டும் எடுக்கேல்லை?"

அவர் தன்ரை மனுசியைப் பார்த்தார். பிறகு மெல்லமாச் சொன்னார். "ஒளிச்சு என்ன செய்யிறது? எனக்கு ரத்தத்திலை கொழுப்பாம். குளிசை போடுறன், டொக்டர் எல்லாத்தையும் மறிச்சுப்போட்டார். சொன்னால் நீங்கள் பெடியனைச் சந்தேகப்படுவியள் எண்டு இவதான் சொல்லவேண்டாம் எண்டவ."

வாய்க்குள்ளை கிடந்த கேக்கை விழுங்கவும் ஏலாது, துப்பவும் ஏலாது! சட்டைப்பையிலை கிடந்த குளிசையை எடுத்து மேசையிலை வைச்சன்.

அவர் குனிஞ்சு பார்த்தார். "அட, என்ரையும் இதுதான்!"

அந்த இடத்திலையே நாள் குறிச்சாச்சு.

கலியாணப் பந்தியிலை ரெண்டு சம்பந்தியளும் ஒண்டையும் தொடாமல் இலையைப் பார்த்துக்கொண்டு இருந்தம். ரெண்டு பகுதிக்கும் பெரிய சண்டையாம் எண்டு மடத்துவெளி வரைக்கும் கதை போயிட்டுது.