ரிங் ரயில் பிரதட்சிண அண்ணாச்சி

தில்லியில் அந்த நாளில் பயப்படுவதற்கு எத்தனையோ சங்கதிகள் இருந்தன. எங்கள் எல்லார் சார்பிலும் ஒரே ஆளாக அத்தனைக்கும் பயந்து கொடுத்தவர் பிரதட்சிண அண்ணாச்சி. டிசம்பர் பனிமூட்டத்துக்குப் பயம், ஜூன் மாத லூ அனல்காற்றுக்குப் பயம். இன்கிரிமென்ட் வந்தால் போச்சு, அதைத் தொடர்ந்து என்ன கெடுதல் வரப்போகிறதோ என்று ஒரு வாரம் சரியாகச் சாப்பிட மாட்டார். சொந்தப் பெயர் என்று ஒன்று அவருக்கு இருந்திருக்கத்தான் வேண்டும். சம்பளப் பட்டியல் போடுகிறவரைத் தவிர ஆபீஸில் யாருக்கும் அது ஞாபகமில்லை.

எங்கள் ஆபீஸ் திலக் பிரிட்ஜ் ஸ்டேஷனுக்கு அடுத்தாற்போல். நாங்கள் இருவரும் குடியிருந்தது மோதி பாக் குவார்ட்டர்ஸில். நடுவில் ரிங் ரயில். சரக்கு வண்டிகள் ஊருக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டு போவதற்காகப் போட்ட வட்டப் பாதை அது. எழுபதுகளின் நடுவில், இதில் ஜனங்களையும் ஏற்றினால் என்ன என்று யாருக்கோ தோன்றி, நாலு பழைய பெட்டிகளைக் கோத்து விட்டார்கள். வட்டமாக இருப்பதால் தப்பான வண்டி என்று எதுவுமே கிடையாது. எதில் ஏறினாலும் போக வேண்டிய இடம் வந்துவிடும். ஒன்றில் அரை மணி, மற்றதில் ஒன்றரை மணி, அவ்வளவுதான் வித்தியாசம்.

காலையில் வீட்டுக்குப் பக்கத்துச் சப்தர்ஜங் ஸ்டேஷனில் கிழக்கே போகிற வண்டியில் ஏறினால் அரை மணியில் ஆபீஸ். புத்தி உள்ளவர்கள் அப்படித்தான் போனோம். அண்ணாச்சி மட்டும் விடியும்போதே வந்து எதிர்ப் பிளாட்பாரத்தில் நிற்பார். மேற்கே கிளம்பி, பட்டேல் நகர், புது தில்லி என்று ஊரையே ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு எங்களுக்கு அப்புறம் வந்து சேருவார். சாயங்காலம் மட்டும் எங்களோடு நேர் வழியில் திரும்புவார்.

காரணம் கேட்டேன். கோயிலை எப்படிச் சுற்றுவாய் என்று என்னைத் திருப்பிக் கேட்டார். வலமாகத்தான் என்றேன். இடமாகச் சுற்றுவது எந்தக் காரியத்துக்கு என்றும் தெரியுமில்லையா என்றார். தெரியும். சுடுகாட்டில் பார்த்திருக்கிறேன். காலையில் முக்கால் வட்டம், மாலையில் கால் வட்டம், ஆக ஆபீஸ் உள்ள நாளெல்லாம் அவருக்கு ஒரு முழுப் பிரதட்சிணம். நடுவில் யார் சாமி, பார்லிமென்டா என்று கிண்டல் செய்தோம். கன்னாட் பிளேஸ் பக்கத்துப் பிள்ளையார் என்று கையெடுத்துக் கும்பிட்டார். “உங்களுக்கும் சேத்துத்தாம்டே சுத்துதேன்” என்றார்.

ஒரே ஒரு தரம், மெஸ்ஸில் தனியாக உட்கார்ந்திருந்தபோது, மிச்சத்தையும் சொன்னார். ரிங் ரயில் விட்ட புதிதில், அப்பாவுக்கு முடியவில்லை என்று தந்தி வந்து, மெட்ராஸ் வண்டியைப் பிடிக்க அவசரமாக இடமாகச் சுற்றுகிற ரயிலில் ஏறிப் போயிருக்கிறார். திருநெல்வேலி போய் இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. அடுத்த வருஷம் சம்சாரம் ஆஸ்பத்திரியில். அன்றைக்கும் அதே அவசரம், அதே ரயில். அவளும் இல்லை.

“இடமா போனா, நான் யாரைப் பாக்கப் போறேனோ அவங்க இருக்க மாட்டாங்கடே” என்றார். மூடநம்பிக்கை என்று சொல்ல வாயெடுத்தவன், என் அப்பளத்தை எடுத்து அவர் தட்டில் வைத்தேன்.

அவர் சட்டைப்பையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு அட்டை எப்போதும் இருக்கும். பெயர், விலாசம், ரத்தப் பிரிவு ஓ நெகடிவ், விபத்து நேர்ந்தால் தகவல் தர வேண்டியவர். தமிழ், இந்தி, இங்கிலீஷ் மூன்றிலும் எழுதியிருப்பார். விபத்து எந்த பாஷைக்காரன் முன்னால் நடக்குமோ, யார் கண்டது? கடைசி வரியில் மூன்று பாஷையிலும் ‘ஒருவரும் இல்லை’ என்று இருந்தது.

ஏஷியாட் வந்தது. அந்த ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக ரிங் ரயிலுக்கு யோகம் அடித்தது. புது பிளாட்பாரம், புதுப் பெயின்ட், மின்சார வண்டி. நாங்கள் ஜம்மென்று ஏறி உட்கார்ந்தோம். அண்ணாச்சி ரப்பர் செருப்பு வாங்கிக்கொண்டு வந்து, கைப்பிடியைக் கைக்குட்டை போட்டுப் பிடித்தபடி ஏறினார். போட்டி முடிந்து விருந்தாளிகள் போனதும் வண்டி பழையபடி காலியாகிவிட்டது. பெட்டிக்கு ஏழெட்டுப் பேர்.

அதற்கு மறு வருஷம் என் மனைவி வத்ஸலாவுக்குத் தலைப்பிரசவம். பட்டேல் நகரில் அவள் அண்ணன் வீட்டில் விட்டிருந்தேன். ஒருநாள் பத்து மணிக்கு ஆபீஸுக்கு மச்சினன் போன். பெண் குழந்தை பிறந்துவிட்டது, தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை, ஓ நெகடிவ் ரத்தம் கையிருப்பில் இல்லை, ஒரு மணி நேரத்துக்குள் யாரையாவது நர்ஸிங் ஹோமுக்கு அழைத்து வா என்றான். ஓடிப் போய் அண்ணாச்சியின் மேஜை முன்னால் நின்றேன். அவர் அட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

தெருவுக்கு வந்தால், போட் கிளப் மைதானத்தில் ஏதோ பேரணி. ஐ.டி.ஓ. நாற்சந்தியிலிருந்து ஒரு பஸ், ஒரு ஆட்டோ அசையவில்லை. இருந்தது ரயில்தான். புது தில்லி வழியாகப் பட்டேல் நகர் அரை மணி. அது இடம். வலமாகப் போனால் ஒரு மணிக்கு மேல்.

அண்ணாச்சி பிளாட்பார விளிம்பிலிருந்து பத்தடி தள்ளி நின்றுகொண்டார். இடமாகப் போகிற வண்டி வந்து நின்றது.

“நான் ஏறினா அந்தப் புள்ளைக்கு ஆகாதுடே.”

“ஏறலைன்னாலும் ஆகாது அண்ணாச்சி” என்றேன். அழுதுவிட்டேன் என்றுதான் ஞாபகம்.

கண்ணை மூடிக்கொண்டு ஏறினார். வண்டி நகர்ந்ததும் கதவோரக் காலி இடத்தில் நின்று, நெஞ்சில் கை கூப்பி, நின்ற இடத்திலேயே வலமாகச் சுற்ற ஆரம்பித்தார். ஆத்மப் பிரதட்சிணம்! ரயில் இடமாகச் சுற்றச் சுற்ற, அதை ரத்து செய்ய இவர் வலமாகச் சுற்றினார். புது தில்லியில் ஏறிய ஒரு பஞ்சாபிப் பாட்டையா “க்யா ஹுவா பாயி சாப்?” என்று, என்ன ஆயிற்றென விசாரித்தார். பதில் சொல்ல அண்ணாச்சி நிற்கவில்லை. வேறு ஒரு சமயமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்றைக்கு, இன்னும் நாலு சுற்று, இன்னும் நாலு சுற்று என்று நான் மனசுக்குள் அவரை முடுக்கிக்கொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, அதனால் என்ன? வத்ஸலா முகம் தவிர எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பட்டேல் நகரில் இறங்கியவர் நேராக நடக்க முடியாமல் தள்ளாடினார். நர்ஸிங் ஹோம் வாசலில் தூணைக் கட்டிக்கொண்டார். டாக்டர் அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்து, காலையிலேயே குடித்தவன் ரத்தத்தை எடுக்க மாட்டேன் என்றுவிட்டாள். நான் என் ஹிந்தியில் பிரதட்சிணத்தை விளக்கினேன். விளக்க விளக்க, நானும் குடித்திருப்பதாக அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். கடைசியில் அண்ணாச்சி அவள் முகத்துக்கு நேராக ஊதிக் காட்டி, அட்டையை நீட்டினார். சோதித்துப் பார்த்துப் படுக்க வைத்தார்கள். ஊசியைக் கண்டதும் மூர்ச்சையாகிவிட்டார். எடுக்கிறவர்களுக்கு அது சௌகரியமாகப் போயிற்று.

சாயங்காலம் ஆபத்து நீங்கிவிட்டது என்றார்கள். அண்ணாச்சியை வத்ஸலாவிடம் கூட்டிப் போகத் தேடினேன். வராந்தாக் கோடியில், அறைக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார்.

“நான் பாக்க மாட்டேன். அவளைப் பாக்க வந்ததாவே இருக்க வேண்டாம். ரத்தம் குடுக்க வந்தேன், குடுத்துட்டேன், போறேன்” என்றார். குழந்தையையும் பார்க்கவில்லை. அத்தனை களைப்பிலும் வலமாகவே, ஊர் முழுக்கச் சுற்றிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்.

இனிமேலாவது பயம் விட்டதா என்று பிறகு கேட்டேன். முன்னைவிட அதிகமாகிவிட்டது என்றார். இடமாகப் போயும் ஒன்றும் ஆகவில்லை என்றால், பாக்கி எங்கேயோ காத்திருக்கிறது என்று அர்த்தமாம்.

அதற்குப் பிறகு காலையில் நானும் எதிர்ப் பிளாட்பாரத்தில்தான் நின்றேன். சக ஊழியர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

ஒருநாள் ரயில் பாஸை எடுக்கும்போது அவர் பையிலிருந்து அட்டை கீழே விழுந்தது. குனிந்து எடுத்தேன். கடைசி வரியை அடித்துவிட்டு, மூன்று பாஷையிலும் புதிதாக எழுதியிருந்தார். தகவல் தர வேண்டியவர்: குமாரி பவானி, வயது எட்டு மாதம், மோதி பாக்.

“அண்ணாச்சி, என் பொண்ணுக்கு இன்னும் பேச்சே வரலையே?”

“அதாம்டே பயமா இருக்கு. அவ பேசுற வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுல்லா.”

அட்டையை நானே அவர் பையில் வைத்தேன். கீழே விழாதபடி இருக்கிறதா என்று இரண்டு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.