பதினாலாம் நம்பர் சட்டை

இந்தக் கோடையில் நான் ஒரு முடிவெடுத்தேன். உயிர் உள்ளவரை என் வீட்டு முன்னறையை விட்டுக்கொடுப்பதில்லை என்று. எழுந்து நின்றுதான் அறிவித்தேன். மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நான் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். பகல் முழுக்க ஊராரின் பார்வையைச் சோதித்துவிட்டு வீடு திரும்பினால் முன்னறையில் சலூன்காரரும் பஸ் டிரைவரும் காத்திருப்பார்கள். மூவரும் வடகரைக் கூடைப்பந்து அணியின் ரசிகர்கள். அணி எப்படி ஆட வேண்டும் என்பதை நாங்கள்தான் தினமும் முடிவு செய்கிறோம். அணிக்கு அது தெரியாது, அவ்வளவுதான்.

மனைவி ஆற்றுக்கு அந்தப் பக்கம், தென்கரையில் பிறந்தவள். துணி தைக்கிறாள். அவளுடைய மிஷின் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் ஓர் இடுக்கில் கிடந்தது. அங்கே பட்டப்பகலிலும் விளக்குப் போட வேண்டும். முன்னறைக்கு இரண்டு ஜன்னல். எட்டு வருஷமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் கோடைக் காட்சி ஆட்டத்தை அறிவித்தார்கள். பருவம் தொடங்கும் முன் வடகரையும் தென்கரையும் சும்மா ஆடிப் பார்ப்பது. புள்ளிப் பட்டியலில் சேராது.

"பட்டியல்லயே சேராத ஆட்டத்துக்கு ஏங்க இந்தக் குதி குதிக்கிறீங்க?" என்றாள்.

"இது ஆட்டம் இல்ல. அடையாளம்" என்றேன்.

அடையாளத்தைப் பற்றி நாங்கள் ஒரு வாரம் பேசினோம். வடகரைச் சட்டையில் புகைபோக்கிச் சின்னம். தென்கரைச் சட்டையில் படகு. புகைபோக்கி என்றால் உழைப்பு, படகு என்றால் ஊர்சுற்றல் என்று சலூன்காரர் விளக்கினார். படகுக்கும் யாராவது துடுப்புப் போட வேண்டுமே என்றார் டிரைவர். தினமும் ஆறு தடவை பாலம் தாண்டுகிற மனிதர், அவருக்குக் கரைப்பற்று எப்படி வரும் என்று விட்டுவிட்டோம்.

எங்கள் பலமெல்லாம் ஒரே ஆள். ஏணி என்று நாங்கள் கூப்பிடும் ஆட்டக்காரன். கூரையைத் தொடுகிற அளவுக்கு வளர்ந்தவன். அவனுக்குப் பதினாலாம் நம்பர். கோடை முழுக்க அவனை எங்கும் காணவில்லை. ஓய்வில் இருக்கிறான், ஆட்டத்தன்று வந்து இறங்குவான் என்று நான் உறுதி சொன்னேன். எனக்கு யார் உறுதி சொன்னார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

இதற்கிடையில் தென்கரை அணிக்குச் சட்டை தைக்கும் வேலை என் மனைவிக்கு வந்தது. எதிரியின் நீலத் துணி என் வீட்டுக்குள் குவிந்தது. பொறுத்துக்கொண்டேன். தைத்து முடித்தவற்றை இஸ்திரி போடச் சொன்னாள். அதையும் பொறுத்துக்கொண்டேன். ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டே வந்தவன் ஒரு சட்டையில் நின்றுவிட்டேன். தோளில் வைத்துப் பார்த்தால் முழங்காலுக்கு வந்தது.

"என்னடி இது, சட்டையா திரைச்சீலையா? உங்க ஊர்க்காரங்களுக்கு அளவு குடுக்கக்கூடத் தெரியாதா?"

"அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு. மடிப்பு விழாம தேயுங்க."

திருப்பிப் பார்த்தேன். முதுகில் பதினாலு.

அன்று மாலை முன்னறை கொதித்தது. தென்கரைக்காரர்கள் எங்கள் நம்பரைத் திருடிவிட்டார்கள். இது வடகரையின் முதுகில் குத்துவது என்றார் சலூன்காரர். ஏணி மாதிரி ஒருவன் கிடைக்காத ஏக்கத்தில் ஏணி அளவுக்குச் சட்டையாவது தைத்து வைத்துக்கொள்கிறார்கள் என்று நான் விளக்கினேன். எனக்கே என் விளக்கம் ரொம்பப் பிடித்தது. மூவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பிலேதான் என் திட்டம் பிறந்தது. எட்டு வருஷத் தொல்லையை ஒரே ஆட்டத்தில் ஒழித்துவிடலாமே. நேராக மிஷினிடம் போனேன்.

"வடகரை ஜெயிச்சா முன்னறைங்கிற பேச்சையே நீ எடுக்கக் கூடாது. தென்கரை ஜெயிச்சா உன் மிஷினை அங்க போட்டுக்கோ."

மிஷின் நின்றது.

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"யோசிக்க என்ன இருக்கு?"

"பட்டியல்ல சேராத ஆட்டம்தானேன்னு அப்புறம் சொல்லக் கூடாது."

அளவு நோட்டில் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினாள். பாவம், தோற்கப் போகிறவளுக்கு இந்த ஆறுதலாவது இருக்கட்டும் என்று அழகாகப் போட்டுக் கொடுத்தேன்.

ஆட்டத்தன்று மதியம் அரங்கம் நிரம்பிவிட்டது. வடகரை அணி ஓடி வந்தது. எண்ணிப் பார்த்தேன், ஏணி இல்லை. கடைசியில் வருவான் என்று சலூன்காரரின் தொடையைத் தட்டினேன். அடுத்து தென்கரை அணி. கடைசியாக, வாசலில் குனிந்து, நீலச் சட்டையில் ஒருவன் உள்ளே வந்தான். இந்தப் பருவத்திலிருந்து அவன் தென்கரை ஆட்டக்காரன் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நான் இஸ்திரி போட்ட சட்டை அவனுக்கு இடுப்போடு நின்றது.

"தோள்பட்டை நல்லா உக்காந்திருக்கு" என்றாள் கூட வந்திருந்த மனைவி.

எழுபத்தொன்றுக்கு ஐம்பத்திரண்டு என்று தென்கரை ஜெயித்தது. அந்த எழுபத்தொன்றில் பாதி அவன் போட்டது. மூன்றாம் கால் பகுதியில் பக்கத்தில் கைதட்டல் கேட்டது. சலூன்காரர். முறைத்தேன்.

"எந்தச் சட்டை போட்டா என்ன, ஆள் நம்ம ஆள்தானே?" என்றார்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேவிட்டேன். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"அளவு எடுத்தவளுக்குத் தெரியாதா? ஆட்டம் முடியற வரைக்கும் வெளிய விடக் கூடாதுன்னு தென்கரை டீம் மேனேஜர் கேட்டுக்கிட்டார். வாக்குக் குடுத்தேன்."

"கட்டின புருஷன்கிட்டகூடவா?"

"உங்ககிட்ட எதைங்க மறைச்சேன்? சட்டையவே கையில குடுத்தேனே."

மறுநாள் மிஷினை நானும் டிரைவரும் முன்னறைக்குத் தூக்கிக்கொண்டு வந்தோம். மிஷினை எங்கே வைப்பது என்று அவள் யோசிக்கவே இல்லை. தரையில் நான்கு கால்களுக்கும் சாக்பீஸில் புள்ளி வைத்திருந்தாள். அந்தப் புள்ளிகள் தூசி படிந்து பழசாகியிருந்தன. எப்போது வைத்தாய் என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

மாலையில் வழக்கம்போல் சலூன்காரர் வந்தார். விவாதத்துக்குத்தான் வந்திருக்கிறார் என்று எனக்கு உயிர் வந்தது. அவர் என்னைத் தாண்டிப் போய் மனைவியின் முன்னால் கைகளை விரித்து நின்றார். தனக்கும் ஒரு நீலச் சட்டை வேண்டுமாம். பதினாலு போட்டு.

அவள் டேப்பை எடுத்தாள். என்ன உலகம் இது என்று நான் ஜன்னலோரம் போய் நின்றேன்.

"கொஞ்சம் நகருங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க" என்றாள்.