கோழி என்று மட்டும் எழுதாதீர்கள்

வாசகரே, அரும்பொருள் சேகரிப்பாளர் என்றொரு இனம் உண்டு. வெளிப்பார்வைக்கு உங்களையும் என்னையும் போலத்தான் இருப்பார். கடை நடத்துவார், பல்வலியில் முனகுவார், ரயிலில் ஜன்னலோர இடத்துக்குத் துண்டு போடுவார். ஆனால் வீட்டில் ஓர் அறையைப் பூட்டி வைத்திருப்பார். "உள்ளே என்ன?" என்று நீங்கள் கேட்கும்வரை அவருக்குச் சோறு இறங்காது.

தண்டையார்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் ஞானதுரை இந்த இனத்தில் முதல் தரம். நாசரேத் பக்கத்திலிருந்து வந்தவர். சேகரிப்பது இறகு. மயிலிறகா? சீச்சீ, அதைத்தான் திருவிழாவில் கூவிக் கூவி விற்கிறார்களே! அவருக்கு வேண்டியது கானமயில், இருவாச்சி, எங்கோ நியூகினிக் காட்டில் திரியும் சொர்க்கப் பறவை. வாங்கினாலும் குற்றம், வைத்திருந்தாலும் குற்றம். அழகில் பாதி அதுதானே?

சரக்கு கொண்டுவருபவர் ராயபுரம் டில்லிபாபு. கப்பலில் ஆள் இருப்பதாகச் சொல்லிக்கொள்பவர்.

"நைனா, நேத்துதான் கப்பல்லேர்ந்து எறங்கிச்சு. வெளிய மூச்சு வுட்டீனா ரெண்டு பேரும் கம்பி எண்ணணும்."

கம்பி என்றதும் ஞானதுரையின் முகம் மலரும். விலை குறைவாக இருந்தால் மட்டும் சந்தேகப்படுவார். "இவ்வளவு மலிவா? நெசமானதுதானவே?" டில்லிபாபு உடனே விலையை ஏற்றிச் சந்தேகத்தைத் தீர்த்துவைப்பார்.

இறகுகள் குடியேறியது மனைவி தங்கபுஷ்பத்தின் பீரோவில். அவருடைய கல்யாணப் பட்டு அரிசிச் சாக்குக்குப் போனது. சித்திரை வெயிலிலும் அந்த அறையில் மின்விசிறி போடக் கூடாது, இறகு பறந்துவிடும். விருந்தாளிகள் வேர்த்து ஒழுகிக்கொண்டே வியக்க வேண்டும். தும்மல் வந்தால் தெருவுக்குப் போய்த் தும்மிவிட்டு வர வேண்டும்.

"என் சேலை சாக்குக்குள்ள, கண்ட றெக்கை பீரோவுக்குள்ள. நல்லா இருக்குங்க உங்க நியாயம்," என்பார் தங்கபுஷ்பம்.

திருட்டுப் பொருள் சேர்ப்பவரின் பெருந்துயரம் என்ன தெரியுமா? போலீஸ் அல்ல. பெருமையடிக்க முடியாதது. அதனால் ஞானதுரை விஷயத்தை ரகசியமாகவே வைத்திருந்தார், அதாவது "ரகசியம்" என்று சொல்லிச் சொல்லி முடிவெட்டுபவரிடமும், வேதக்கோயில் பாடகர் குழுவிடமும், கடைக்குப் பருப்பு வாங்க வந்தவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் கும்மிடிப்பூண்டி ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணிடம் கைபேசியை நீட்டினார்.

"இது என்ன பறவை றெக்கை, சொல்லுங்கம்மா பாப்போம்."

"தெரியலயே சார்."

"கானமயில்! வச்சிருந்தா ஜெயிலுதான். தெரியுமா?"

"அது தெரியும் சார். வூடு எங்க?"

ஞானதுரை தெருவைச் சொன்னார், அடையாளத்துக்குப் பக்கத்து மாவு மில்லையும் சொன்னார். அந்தப் பெண் வியாசர்பாடி ரமாபாய். வனத்துறை அதிகாரி.

மறுநாள் காலை அவர் இரண்டு காவலர்களோடு வந்து நின்றார். தங்கபுஷ்பம் ஓவென்று அழுதார். ரமாபாய் முதல் வேலையாக மின்விசிறியைப் போடச் சொன்னார். பறந்த இறகுகளில் ஒன்றைப் பிடித்து ஈரப்பஞ்சால் தேய்த்தார். பஞ்சு நீலமானது.

"சார், கலரு எறங்குது."

"கடல் காத்தும்மா. உப்பு."

"இது கோழி சார்."

வரவழைக்கப்பட்ட டில்லிபாபு நிலைமையை ஒரே பார்வையில் புரிந்துகொண்டார். நிஜம் என்றால் வனவிலங்குச் சட்டம். போலி என்றால் வெறும் ஏமாற்று.

"சத்தியமா கோயி மேடம்! கறிக்கடையில பொறுக்கினு வந்து நானே சாயம் போட்டேன். அது வாத்து. அந்த ஓரத்துல கீதே, அது இன்னான்னு எனக்கே தெரியாது, ரோட்டுல கெடந்துச்சு."

"பயந்துக்கிட்டுப் பொய் சொல்லுதான்!" ஞானதுரை கத்தினார். "அத்தனையும் நெசம்! குத்தவாளி நான் நிக்கேன், கைது பண்ணுங்கம்மா!"

"ஏங்க, கோழின்னு ஒத்துக்கிடுங்க! வீட்டோட இருக்கலாம்!"

"ஜெயிலுக்குப் போனாலும் போவேன் புஷ்பம், கோழின்னு சொல்ல மாட்டேன்."

ரமாபாய் தலையில் கைவைத்துக்கொண்டார். பிடிபட்டவர்கள் எல்லாரும் போலி என்று சொல்லிக் காலில் விழுவதைப் பார்த்துத்தான் அவருக்குப் பழக்கம். இறகுகளை மூட்டை கட்டிச் சோதனைக்கு அனுப்பினார்.

முடிவு வரும்வரை ஞானதுரையைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். துண்டு, பற்பசை, வேதப்புத்தகம் எல்லாம் எடுத்து ஒரு பையில் வைத்தார். கடைக்கு வந்தவர்களிடம், "நம்ம மேல வழக்கு இருக்கு, பாத்துக்கிடுங்க," என்று கல்யாணச் செய்திபோல் சொன்னார்.

அறிக்கை வந்தது. கோழி, வாத்து, மேலும் கோழி. ஓரத்தில் இருந்தது காக்கை.

"டில்லிபாபு மேல மோசடிப் புகார் குடுங்க சார்," என்று வனத்துறை அலுவலகத்தில் ரமாபாய் தாளை நீட்டினார்.

"என்னன்னு எழுதணும்?"

"கோழி றெக்கைய கானமயில்னு சொல்லி வித்தான்னு."

ஞானதுரை பேனாவை மூடினார். "கோழின்னு மட்டும் எழுதாதீங்கம்மா." புகார் இல்லை. டில்லிபாபு தப்பித்தார்.

"இன்னொரு தபா நெசமாவே வாங்குனீங்கன்னா, நானே வந்து இட்டுனு போவேன்," என்றார் ரமாபாய். "நெசமாவே" என்ற சொல்லைக் கேட்டு ஞானதுரையின் கண் கலங்கியது.

வீட்டுக்கு வந்து அரிசி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். வாய் நிறையத் திட்டோடு வந்த தங்கபுஷ்பம், அந்த முதுகைப் பார்த்ததும் உள்ளே போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார். பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்த நீலம் நல்லாத்தாங்க இருந்துச்சு."

"இருந்துச்சுல்லா?" என்றார் அவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

இப்போது தேறிவிட்டார். சோதனைக்குப் போன இடத்தில் அசலை மாற்றிவிட்டார்கள் என்று கடைக்கு வருபவர்களிடம் ரகசியமாகச் சொல்கிறார்.

சிரிக்கிறீர்கள். நீங்கள் இறகு வாங்கியதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போன ஞாயிறு உங்கள் வீட்டுக்கு வந்த நண்பர் செருப்பைக் கழற்றுவதற்குள் அவர் கையைப் பிடித்து அலமாரிப் பக்கம் இழுத்துப் போனது யார்? "இது சாதாரணமாக் கிடைக்காது" என்று தொடங்கியது யார்? அவர் இரண்டு முறை கொட்டாவி விட்டார். வியப்பில் வாய் பிளந்தார் என்றுதானே நினைத்தீர்கள்?