கண் திறக்கும் அடுத்த மாடல்

தூத்துக்குடியில் எந்த வேலையையும் அந்தந்த நேரத்தில் செய்யாமலேயே நல்ல பெயர் எடுத்தவர் ஒருவர்தான். பீச் ரோட்டுப் பக்கம் ஸ்டுடியோ வைத்திருந்த பொறவு அண்ணாச்சி. எதைக் கேட்டாலும் "பொறவு பாத்துக்கிடலாம்" என்பார். காலை இட்லியை மாலை நாலு மணிக்குச் சாப்பிடுவார். அவருடைய சொந்தப் பெயர் அவர் வீட்டம்மாவுக்காவது நினைவிருந்ததா என்பது சந்தேகம்.

நான் அவரிடம் லைட் பிடித்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட, நாலு பேர் முன்னால் பேச்சு வராத எனக்கு அது பொருத்தமான வேலை. வெளிச்சம் அடுத்தவர் மேல் விழும். அதற்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்ளலாம்.

கப்பலில் வேலை பார்த்த அவர் மச்சான் ஒரு முறை சிங்கப்பூரிலிருந்து ஒரு கேமரா வாங்கிவந்தார். சதுரமான டார்ச் லைட் போல நீளமாக இருக்கும். எடுக்கும்போது ஃபோகஸ் பார்க்கவே வேண்டாம். பிறகு கம்ப்யூட்டரில் போட்டு எந்த முகத்தில் மவுஸை வைத்து அமுக்குகிறோமோ அந்த முகம் தெளியும், மற்றதெல்லாம் மங்கும்.

"பாத்தியாலே, நான் இருவது வருசமாச் சொல்லுதத வெள்ளக்காரன் இப்பந்தான் கண்டுபிடிச்சிருக்கான்" என்றார் அண்ணாச்சி.

மணப்பாட்டில் ஒரு விசேஷத்துக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனோம். "கரண்டு இருக்குல்லா, டார்ச்ச அணையும்" என்றார் அங்கே ஒரு பெரியவர்.

அப்போது எனக்கு வயது முப்பத்தெட்டு. மூன்று பெண் வீட்டார் என் படத்தைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். கேமராவைக் கண்டதும் என் கண்கள் தானாக மூடிக்கொள்ளும். "மாப்பிள்ளைக்குப் பார்வை உண்டுமா?" என்று ஒரு வீட்டில் கேட்டேவிட்டார்கள். எட்டயபுரம் பக்கம் நாலாவதாக ஒரு பெண்.

"நல்ல படமாக் குடும். இதுவும் போச்சுன்னா என்னால ஆவாது" என்று தரகர் சொல்லிவிட்டார்.

அண்ணாச்சி புதுக் கேமராவில் என்னைப் பதினோரு படம் எடுத்தார். பதினொன்றிலும் நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அண்ணாச்சி, மங்குன மூஞ்சிய இது பொறவு தெளிய வைக்குதுல்லா. மூடுன கண்ணத் தொறக்காதா?"

அவர் சிரிக்கவில்லை. தாடையைச் சொறிந்தார். "அது அடுத்த மாடல்லதான் வரும்டே. நீ போ, பொறவு பாத்துக்கிடலாம்."

என் கல்யாணமும் நாலு மணி இட்லி ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஒரு வாரத்தில் தரகர் ஸ்டுடியோவுக்கு வந்தார். பெண் வீட்டில் சம்மதமாம். எனக்குத் தெரியாமல் அண்ணாச்சி அவரிடம் ஒரு படம் கொடுத்திருக்கிறார்.

"எந்தப் படம் அண்ணாச்சி?"

கம்ப்யூட்டரில் காட்டினார். யாருடைய கல்யாணமோ. முன்னால் மணமக்கள் பனிமூட்டம் போலக் கலங்கியிருந்தார்கள். பின்னால் லைட்டை ஸ்டாண்டில் விட்டுவிட்டுக் கையில் முந்திரி மக்ரூன் இனிப்போடு நான், கண் நிறைய விழித்து, பல் அத்தனையும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன். படம் எடுக்கிறார்கள் என்று தெரிந்தால்தானே கண்ணை மூடுவதற்கு.

கல்யாணத்துக்குப் பிறகு, எதைப் பார்த்துச் சம்மதித்தாய் என்று மனைவியிடம் கேட்டேன்.

"அடுத்தவுக கல்யாணத்துல அம்புட்டுச் சந்தோசமாச் சிரிச்சிக்கிட்டு நிக்கிய. நல்ல மனுசனாத்தான் இருக்கணும்னு நெனச்சேன்."

மக்ரூனைப் பார்த்துச் சிரித்தேன் என்று இன்றுவரை நான் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தை அவள் படிக்காமல் இருக்க வேண்டும்.

எங்கள் கல்யாணத்தையும் அண்ணாச்சிதான் அதே கேமராவில் எடுத்தார். வழக்கம்போல, படங்கள் ஏழு மாதம் கழித்து வந்தன. வழக்கம்போல, எல்லாவற்றிலும் என் கண்கள் மூடியிருந்தன. பார்க்க வேறொன்றும் இல்லாமல், எங்களுக்குப் பின்னால் மேடையில் இருந்த அலங்காரக் கண்ணாடியில் மவுஸை வைத்து அமுக்கினாள் மனைவி.

"இது யாருன்னு பாருங்க."

நாங்கள் இருவரும் மங்கினோம். கண்ணாடிக்குள் அண்ணாச்சி தெளிந்து வந்தார். ஒரு கையில் கேமரா. இன்னொரு கையில் தோள் துண்டின் நுனி. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதை மட்டும் அவர் பொறவுக்குத் தள்ளிவைக்கவில்லை.