பதிமூணு வயசுப் பொண்ணுக்கு நரையா?

ராயபுரத்திலேயே தரையில் நடக்கப் பயந்த ஒரே மனிதர் எங்கள் தெரு கிரேன் நைனாதான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஷேர் ஆட்டோ வந்தால் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சாலையைக் கடப்பார். உயரம் என்றால் மட்டும் அவருக்குச் சொந்த வீடு மாதிரி.

எங்கள் தெருக் கோவில் கோபுரத்தின் உச்சியில் புனித பிலோமினா நிற்கிறார். பதிமூன்று வயதில் உயிரைக் கொடுத்த வேதசாட்சி. முகம் தெருப் பக்கம், முதுகு கடல் பக்கம். திருவிழாவுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "சாரம் கட்டவே ஒரு மாசம் ஆகும்" என்றார்கள். கொடியேற்றத்துக்கு இருந்ததோ ஐந்தே நாள். பாதர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். நைனா லுங்கியை மடித்துக் கட்டினார்.

இடுப்பில் கயிறு, கயிற்றில் பெயிண்ட் டப்பா. மதியத்துக்குள் சிலை பளபளத்தது. இறங்குவார் என்று பார்த்தால் மேலேயிருந்து கத்தல்.

"பாதர்! கறுப்பு பெயிண்ட் அனுப்பு! பாப்பாவுக்குப் பின்னாடி முடியெல்லாம் வெள்ளையா கீது!"

"அது யாருக்கும் தெரியாது நைனா, இறங்குங்க!"

"கப்பல்ல வர்றவனுக்குத் தெரியுமே! பதிமூணு வயசுப் பொண்ணுக்கு நரையான்னு அவன் இன்னா நெனைப்பான்?"

கறுப்பு பெயிண்ட் மேலே போனது.

இறங்கியவர் முகம் சரியில்லை. "கால்கிட்ட கம்பி துருப்புடிச்சிகீது. பலமா காத்தடிச்சா பாப்பா வுழுந்துடும்."

"திருவிழா முடியட்டும், பார்க்கலாம்" என்றது விழாக் கமிட்டி. நைனா காத்திருக்கவில்லை. காசிமேட்டில் விசைப்படகுக் கயிறு வாங்கி வந்து, மறுநாள் காலையிலேயே பிலோமினாவை மணிக்கூண்டுத் தூணோடு சேர்த்துக் கட்டிவிட்டார். கமிட்டித் தலைவர் கொதித்தார்.

"புனிதையைக் கட்டிப் போடுறதா?"

"ஸ்கூல் வேன்ல பெல்ட் போடுறாங்கோல்ல மாமு? அந்த மாதிரிதான்."

கொடியேற்றத்தன்று சாயங்காலம் கடற்காற்று பேயாக அடித்தது. பந்தல் பறந்து பக்கத்துத் தெருவுக்குப் போனது. மேலே மடார் என்று ஒரு சத்தம். கம்பி முறிந்து, சிலை ஒரு சாண் சாய்ந்து, கயிற்றில் நின்றது. நேர் கீழே மெழுகுவர்த்தியோடு நின்ற கூட்டத்தில் என் மனைவியும் இருந்தாள். தலைவர் ஓடிப்போய் நைனாவைக் கட்டிக்கொண்டார். நைனா நெளிந்தார். "வுடு மாமு, கூசுது."

அடுத்த மாதம் நைனா விழுந்தார். கோபுரத்திலிருந்து அல்ல, டீக்கடை பெஞ்சிலிருந்து. கால் முறிந்துவிட்டது. அவருக்குக் குடும்பம் கிடையாது. நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். படிவத்தை நீட்டி நர்ஸ் கேட்டார்:

"நீங்க அவருக்கு என்ன உறவு?"

யோசிக்காமல் 'மகன்' என்று எழுதிக் கொடுத்தேன்.