இலை கட்டிய வாசலுக்குள் நான்

அரைகுறையாகப் படித்துவிட்டுப் போகிறவன் எப்படியாவது தப்பிவிடுவான். எல்லாம் படித்துவிட்டேன் என்று போகிறவனுக்குத் தப்ப வழியே இல்லை. நான் இரண்டாவது ரகம்.

மொன்றியலில் அகதிகளுக்கு மனநல ஆலோசனை வழங்கும் வேலையில், நான் தனியாகப் போன முதல் வீடு அது. நகரின் ஓரம் இல்-பிசார் பகுதியில் ஒரு ஹ்மொங் குடும்பம். போருக்குத் தப்பி லாவோஸ் மலைகளிலிருந்து வந்த அம்மா பல மாதங்களாகச் சரியாக நித்திரை கொள்ளவில்லை. ஆலோசகரே வேண்டாம் என்றவரை மகள் மாய் கெஞ்சிச் சம்மதிக்க வைத்திருந்தாள். ஒரே ஒரு தடவை. பிடிக்காவிட்டால் இனி யாரும் வரக்கூடாது என்பது அம்மாவின் நிபந்தனை.

எனக்கோ தலைகால் புரியாத உற்சாகம். முதல் நாள் இரவு முழுக்கக் கண் மூடாமல் ஹ்மொங் வழக்கங்களைப் படித்தேன். பிள்ளைகளின் தலையைத் தொடக்கூடாது. கண்ணுக்குள் உற்றுப் பார்க்கக்கூடாது. சப்பாத்தைக் கழற்ற வேண்டும் (ஓட்டையில்லாத காலுறை தேடி அலுமாரியையே கவிழ்த்தேன்). இடையூறு வரக்கூடாதென்று பஸ்ஸிலேயே போனின் சத்தத்தையும் நிறுத்தினேன்.

வாசலில் பச்சை இலைக்கொத்து கட்டியிருந்தது. புல்லரித்துவிட்டது! யாழ்ப்பாணத்தானுக்கு வாசலில் இலை என்றால் ஒரே அர்த்தம்தான்: உள்ளே விசேஷம், வாருங்கோ, சாப்பிடுங்கோ. எனக்காகத் தோரணமே கட்டிவிட்டார்கள்! மணியை அழுத்தினேன். பதில் இல்லை. (விசேஷ வீட்டில் மணி யாருக்குக் கேட்கும்?) கதவு பூட்டியிருக்கவில்லை. "போன்ஜூர்!" என்று முழங்கியபடி நுழைந்தேன்.

அம்மா முகத்தைப் பொத்திக்கொண்டார். மாய் பாய்ந்து வந்தாள். அவள் பேசியது பிரெஞ்சு. என் காதில் விழுந்தது இப்படி:

"வாசல்லை இலையைக் காணேல்லையோ?"

"கண்டனான். நல்ல வடிவு!"

"வடிவோ? வெளியாள் வராதை எண்டு அர்த்தம்! பயத்திலை அலைஞ்சு போன அம்மான்ரை உயிரை நேற்றுத்தான் எங்கடை பூசாரி கூப்பிட்டுக் கொண்டுவந்தவர். இண்டைக்கு வேண்டாமெண்டு எத்தினை தரம் போன் அடிச்சனான்!"

நான் கதவுப் பக்கம் திரும்பினேன். அம்மா பதறி ஏதோ சொன்னார்.

"போகவும் கூடாதாம்," என்றாள் மாய். "இப்ப வெளிக்கிட்டால் உயிர் உங்களுக்குப் பின்னாலை வந்திடுமாம். பொழுதுபடுமட்டும் இருக்கட்டாம்."

மனைவிக்குப் போன் செய்தேன்.

"இஞ்சை ஒரு வீட்டிலை மாட்டுப்பட்டுப் போனன். வெளிக்கிட்டால் அவவின்ரை உயிர் என்னோடை வந்திடுமாம்."

"எவவின்ரை?"

"எழுபது வயசு தாண்டின அம்மா."

"ஓ. அப்ப ஆறுதலா வாங்கோ."

சோபாவின் ஓரத்தில் அசையாமல் இருந்தேன். ஒரு கேள்வி கேட்டாலும் அந்த உயிர் மிரண்டுவிடுமோ என்று பயம். கோழிச் சூப்பும் சோறும் தந்தார்கள். முந்தைய இரவு விழித்துப் படித்ததன் பலன் அப்போதுதான் கிடைத்தது.

விழித்தபோது என்மேல் ஒரு போர்வை. எதிரே அம்மா கண்ணீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு, யாரும் கேட்காமலே பேசத் தொடங்கினார். மாய் மெல்ல மொழிபெயர்த்தாள்.

"ஆத்தங்கரைக் காட்டிலை ஒளிச்சிருக்கேக்கை அப்பாவும் இப்பிடித்தான் குறட்டையாம். பட்டாளத்துக்குக் கேட்டிடும் எண்டு அம்மா விடிய விடிய அவரின்ரை மூக்கைப் பிடிச்சபடி இருந்தவவாம்." பிறகு தானாகவே சொன்னாள்: "அப்பா செத்தபிறகு இண்டைக்குத்தான் அவரைப் பற்றி வாய் திறக்கிறா."

பொழுதுபட்டதும் அம்மாவே கதவைத் திறந்துவிட்டு, அடுத்த கிழமையும் என்னை வரச் சொன்னார்.

இப்போதும் டீவிக்கு முன்னால் நான் கண்ணயர்ந்தால் போதும், என் மகள் குசினிப் பக்கம் திரும்பிக் கத்துவாள்:

"அம்மா, சத்தம் போடாதேங்கோ! அப்பா வேலை செய்யிறார்!"