நான் எழுந்தால் இறங்கும் சுருதி

வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள், நானே செய்த சின்தசைசர் என்ற மின்னிசைப் பெட்டியைச் சுருதியில் நிறுத்தாவிட்டால் என் பெயரையே மாற்றிக்கொள்வதாகச் சபதம் செய்தேன்.

"தாராளமா மாத்திக்கோங்க. ஆனா பெட்டி பரணுக்குப் போயிடும்" என்றாள் மனைவி.

அவள் பாட்டு டீச்சர். முன்னறையில்தான் வகுப்பு. ஞாயிறன்று அவளுடைய மாணவிகள் பெற்றோர் முன்னால் பாடப் போகிறார்கள். பின்னால் சுருதி போட என் பெட்டி. கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய வாய்ப்பு அது.

பெட்டி என்றால் சும்மா பெட்டி இல்லை. பழைய ரேடியோக் கூடு, முன்பக்கம் முழுக்கக் குமிழ்கள், உள்ளே கைகொள்ளாத டிரான்சிஸ்டர்கள். எல்லாம் என் கையால் சாலிடர் வைத்தது. ஒரே ஒரு குறை. காலையில் 'ஸ'வில் உட்கார வைத்தால், மத்தியானம் 'ரி' வீட்டு வாசலில் நிற்கும்.

"சுரம் நிக்க மாட்டேங்குதும்மா."

"ஐயையோ, மாத்திரை தரட்டுமா?"

"எனக்கில்ல, பெட்டிக்கு!"

"தொட்டுப் பாத்தீங்களா?"

கிண்டல்தான். இருந்தாலும் தொட்டுப் பார்த்தேன். சுட்டது! சூடு ஏறினால் டிரான்சிஸ்டருக்குப் புத்தி பிசகும். ஃபேன் போட்டால் ஒரு சுருதி, நிறுத்தினால் வேறு சுருதி. சேர்ந்து வேலை செய்ய வேண்டிய இரண்டு டிரான்சிஸ்டர்களை முதுகோடு முதுகு ஒட்டி, இரண்டும் ஒரே சூட்டில் இருக்கும்படி பஞ்சு சுற்றினேன்.

அவள் எட்டிப் பார்த்தாள். "கல்யாணமான புதுசுலகூட நாம இப்படி ஒட்டிக்கிட்டு இருந்ததில்ல."

பெட்டி அடங்கியது. 'ஸ' என்றால் 'ஸ'தான். நிம்மதியாக எழுந்து உள்ளே போனேன். பொத்தென்று சுருதி இறங்கியது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் தானே ஏறிக்கொண்டது. மறுபடி எழுந்தேன். மறுபடி பொத்.

"ஏம்மா, அதிசயத்தைக் கேளு. நான் பக்கத்துல இருந்தா நிக்குது. எழுந்து போனா இறங்கிடுது. என்னைப் பிரிய அதுக்கு மனசில்ல."

"அது சரி. எழுந்து எங்க போறீங்க?"

"த... தண்ணி குடிக்க."

"ஓஹோ" என்றாள். அந்த 'ஓஹோ' கொஞ்சம் நீளமாக இருந்தது. நான் கவனிக்கவில்லை.

எங்கே போனேன் என்று உங்களிடம் மட்டும் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாணவிகளுக்குக் கொடுக்க ஃப்ரிட்ஜில் ஒரு பெரிய டப்பா ஐஸ்கிரீம் இருந்தது. எனக்கு இனிப்பே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டருக்கு என்ன, வாய் என்னுடையது.

ஒத்திகைக்காகப் பெட்டியை முன்னறை வகுப்பில் வைத்தோம். அன்றிலிருந்து ஆரம்பித்தது வினை. ஃப்ரிட்ஜைத் திறப்பேன். முன்னறையில் பாட்டு நிற்கும்.

"மூடுங்க!"

"எதை?"

"திறந்ததை!"

இடையில் இரண்டு சுவர். அவளுக்கு எப்படித் தெரிகிறது? மாடி வீட்டுக்காரர் உளவு சொல்கிறாரோ என்று சமையலறை ஜன்னலைச் சாத்தினேன். செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை மாதிரி நடந்தேன். பலனில்லை. "மூடுங்க!"

ஒரு நாள் கையில் கரண்டியோடு நின்றபோதுதான் பொறி தட்டியது. எங்கள் கிழட்டு ஃப்ரிட்ஜுக்கு ஒரு வழக்கம். கதவைத் திறந்தால் உடனே மோட்டார் விழித்து உறுமும். அது உறுமினால் வீட்டு கரண்ட் லேசாகக் குறையும். கரண்ட் குறைந்தால் பெட்டியின் சுருதி இறங்கும். சுருதி இறங்கினால் பாட்டு டீச்சர் காதுக்குத் தப்புமா? ஊரார் வீட்டில் திருடனைப் பிடிக்க அலாரம் வைப்பார்கள். நான் என்னைப் பிடிக்க நானே செய்து வைத்திருக்கிறேன்!

அவளிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து பவர் சப்ளையை அடியோடு மாற்றினேன். இனி வெளியே கரண்ட் ஏறினாலும் இறங்கினாலும் பெட்டிக்கு ஒரே படிதான்.

மறுநாள் வகுப்பு நடக்கும்போது ஃப்ரிட்ஜைத் திறந்தேன். மோட்டார் உறுமியது. பெட்டி அசையவில்லை. சாமியார் மாதிரி ஒரே சுருதி. முன்னறையில் பாட்டும் நிற்கவில்லை. சபதத்தில் ஜெயித்தேன், சமையலறையிலும் ஜெயித்தேன். முதல் கரண்டி, இரண்டாவது கரண்டி... மூன்றாவது வாய்க்குள் போகும்போது கரண்டியை யாரோ பிடித்தார்கள்.

மாணவிகளைப் பாடவிட்டுவிட்டு அவள் வந்து நின்றிருந்தாள்.

"எப்படி?" என்று குழறினேன். "சுருதி இறங்கவே இல்லையே!"

"அதான். காலைலேருந்து இறங்கவே இல்ல" என்றபடி டப்பாவை வாங்கி மூடினாள். "ஒரு பல்ப் மாத்தினாலே தெருவையே கூப்பிட்டுக் காட்டுற ஆளு நீங்க. பெட்டி சரியாகியும் உங்க சத்தத்தைக் காணோம்னா, வாயில ஏதோ இருக்குன்னுதானே அர்த்தம்?"